சூதைக் கணித்த மருத்துவர்

மாத்தளையில் புறப்பட்டு இறத்தோட்டை வழியாக மலையேறி, ரிவர்ஸ்டன் உச்சியின் குளிர்காற்றில் காதைப் பொத்திக்கொண்டு மறுபுறம் இறங்கும் பஸ் வண்டி, நெடும்பொழுது கழித்து நம்மை உலர்வலயத்தின் வாயிலில் கொண்டுபோய் விடுகின்றது. அவ்வாயிலின் பெயர் வில்கமுவ. கிழக்கே மகாவலி கங்கை. வடக்கே, 1984ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பெற்ற வஸ்கமுவக் காடு. இரவில் யானை வரும். பகலில் வெயில் வரும். சென்ற பாடசாலை விடுமுறையில் மூன்று நாள் அங்குத் தங்கினேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அப்பகுதியில் எழுதுவினைஞராய் இருக்கின்றார். பல ஆண்டாக அழைத்துக்கொண்டிருந்தவர். அவர் குடியிருக்கும் வீட்டின் வளவெல்லையில் ஒரு பெருமரம் நிற்கின்றது. அடியில் சாம்பல் நிறக் காய்கள் காய்ந்து சிதறிக் கிடந்தன. அயலிலுள்ள சிங்கள மக்கள் அதனைப் புளு என்பர். நெல்லி, அரளு, புளு என்று அவர்கள் எண்ணும் மூன்றும், நெல்லி, கடு, தான்றி என்று நம் வைத்தியர்கள் எண்ணும் திரிபலையும் ஒன்றே. ஆகவே நான் குனிந்தெடுத்தது தான்றிக்காய். முப்பது ஆண்டு வகுப்பிலே இம்மரத்தைச் சொல்லி வந்தும், ஐம்பது கடந்தபின் இப்போதுதான் முதன்முறையாகத் தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொள்வதில் ஒரு தமிழ்ப் பண்டிதனுக்கு நாணம் உண்டு. எனினும் உண்மை அது.

இந்த மரத்தடியிலேதான் நளனுக்குக் கலி நீங்கிற்று. கதையை அறியாதார் இப்பக்கத்தைப் படிப்போரில் இரார். புட்கரனிடம் சூதில் நாடிழந்து, காட்டிலே மனைவியையும் பிரிந்து, கார்க்கோடகன் தீண்டி உருமாறி, அயோத்தி வேந்தன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் அமர்ந்தான் நளன். விதர்ப்பத்துக்கு விரையும் வழியில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைக் கண்டு, நின்றெண்ணாமலே அதன் காய்த்தொகையைச் சொல்லிவிடுகின்றான். வியாசர் பாரதத்தில் இரண்டு பெருங்கிளைகளுக்கு ஐந்து கோடி இலையும் 2,095 காயும் என்று கணக்கு வருகின்றது. நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், தொகை பிசகவில்லை. தேர்க்கலையை அவனுக்கு ஈந்து சூதின் நுட்பத்தை இவன் பெறுகிறான். கலி அவனை விட்டு விலகுகிறான்.

காயை எண்ணத் தெரிந்தவனுக்குக் கவறு ஆடத் தெரியும் என்பது என்ன தொடர்பு? இக்கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பழங்காலத்தில் தான்றிக்காயே கவறாக உருட்டப்பெற்றது என்று உரைகாரர் வழியில் ஒரு விடை சொல்லித் தப்பி வந்தேன். தப்பவிடாமல் பிடித்துக்கொண்டவர் அந்த எழுதுவினைஞர்.

அன்று மாலை விறாந்தையில் அமர்ந்திருந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். கட்டங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சில எண்கள். மேல் வரிசையிலும் எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கு அல்லது நில் என்று பொருள்படும் ஓரெழுத்து. கொழும்பிலுள்ள கசினோ விடுதிகளில் ஆடும் பிளாக்ஜாக் என்னும் இருபத்தொன்று ஆட்டத்துக்குரிய அட்டவணை அது. மாதம் ஒருமுறை சென்று வருகின்றாராம். முன்பு கண்மூடி ஆடித் தோற்றாராம். இப்போது கணக்கோடு ஆடுகின்றாராம். கணக்கினால் சூதை வெல்லலாமா, ஐயா கற்றறிந்தவர், சொல்லவேண்டும் என்றார். தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்ற அவர் மனைவியின் கழுத்தில் மஞ்சட் கயிறு மட்டுமே இருந்ததை வந்த அன்றே நான் கண்டிருந்தேன். திருமணத்தில் நான் வாழ்த்திக் கொடுத்த தாலிக்கொடி என் நினைவில் உண்டு.

எனக்குச் சூது தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்ற முறையில் முந்நூற்று நாலு மட்டும் ஆடுவேன். அதுவும் காசு வையாமல். ஆனால் சூதைக் கணக்காக்கிய முதல் மனிதரின் வாழ்க்கையை நான் படித்திருக்கிறேன். இரண்டு மாலைகளில் அதை அவருக்குச் சொன்னேன். சொன்னதையே ஈண்டு எழுதுகிறேன்.

ஜிரோலாமோ கார்டானோ 1501ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள் இத்தாலியில் பவீயா நகரிற் பிறந்தார். தந்தை ஃபாத்சியோ மிலான் நகரத்து வழக்கறிஞர், கணிதத்தில் நாட்டமுடையவர், லியனார்டோ டா வின்சியோடு பழகியவர். தாய் கியாரா அவருக்கு மணமுடித்த மனைவியல்லள். கருவிலேயே தம்மை அழிக்க மருந்து உண்ணப்பட்டதென்று மகனே பிற்காலத்தில் எழுதிவைத்தார். மிலானில் கொள்ளைநோய், தாய் அதற்கு அஞ்சிப் பவீயா சென்று ஈன்றாள். வேண்டாத பிள்ளையாய் உலகுக்கு வந்தவர், வேண்டத்தக்கவர் என்று மெய்ப்பிக்கவே எழுபது ஆண்டு ஓடினார் என்று எனக்குத் தோன்றும்.

பவீயாவிலும் பாதுவாவிலும் மருத்துவம் பயின்றார். 1524இல் தந்தை இறந்தார். கைப்பொருள் சிறிது, அதுவும் கரைந்தது. மாணவர் உண்பதற்கும் நூல் வாங்குவதற்கும் வழி தேடவேண்டும். கார்டானோ கண்ட வழி கவறும் சீட்டும். கூர்த்த நினைவாற்றல் உடையவர். எதிராளி எண்ணாதவற்றை எண்ணுபவர். வென்றார். வென்றதே அவருக்கு வந்த பெருங்கேடு. முதல் நாளே தோற்றவன் வீடு திரும்புவான். முதலில் வென்றவனுக்குத் திரும்பும் வழி மறந்துவிடும்.

இளமையில் வெனிஸ் நகரத்து நிகழ்ச்சி ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஒருவர் வீட்டில் சீட்டாடி ஒரு நாள் சிறிது தோற்றார். மறுநாள் எஞ்சியதையும் தோற்றார். பிறகுதான் சீட்டுகளின்மேல் களவாக அடையாளம் இடப்பட்டிருப்பதைக் கண்டார். உடைவாளை உருவி வீட்டுக்காரன் முகத்தைக் கீறினார். காசை அள்ளிக்கொண்டு வெளியேறினார். அன்றிரவு கால் தவறி நீரில் விழுந்தார். ஒரு படகு வந்து காத்தது. படகிலே முகத்திற் கட்டுடன் அமர்ந்திருந்தவன் அதே சூதாடி! ஆனால் அவன் பழிவாங்கவில்லை. ஈரம் மாற்றிக்கொள்ள உடை கொடுத்தான். இருவரும் ஒன்றாகவே பாதுவா சேர்ந்தனர். சூதாடிகளுக்குள் உள்ள உறவு மற்றையோர்க்கு விளங்காத ஒன்று போலும்.

மருத்துவப் பட்டம் கிடைத்தது. மிலான் மருத்துவச் சங்கம் மட்டும் அவரை உள்ளே விடவில்லை. முறை தவறிப் பிறந்தவர் என்பது காரணம். சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தார். 1531இல் லூச்சியா பந்தரீனி என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு கல்லராத்தே என்னும் ஊருக்குச் சென்று நோயாளர் வராமல் வாடினார். சூது கைகொடுக்கும் என்று எண்ணினார். அது கையையே பறித்தது. லூச்சியாவின் நகைகள் அடகுக்குப் போயின. வீட்டுத் தளபாடங்கள் போயின. கட்டிலும் போயிற்று. முடிவில் மிலான் நகரத்து ஏழையர் விடுதியில் கணவனும் மனைவியும் அடைக்கலம் புகுந்தனர்.

இந்த இடத்துக்கு வந்தபோது எழுதுவினைஞர் தாளை மடித்தார். நான் கதையை நிறுத்தவில்லை.

1534இல் நிலை மாறிற்று. தந்தையின் நண்பர் உதவியால் மிலானில் கணிதம் கற்பிக்கும் பணி வாய்த்தது. அவ்வாண்டிலே மூத்த மகன் ஜியோவானி பத்திஸ்தா பிறந்தான். பின் ஒரு மகள்; 1543இல் இளையவன் அல்தோ. 1539இல் மருத்துவச் சங்கமும் கதவைத் திறந்தது. அதே ஆண்டிலேதான் தார்த்தாலியா என்னும் கணிதப் புலவரிடம், வெளியிடேன் என்று ஆணையிட்டு, முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை அறிந்தார். ஆறாண்டு கழித்து, 1545இல், பெருங்கலை எனப் பொருள்படும் அர்ஸ் மக்னா என்ற நூலில் அதனை வெளியிட்டார். தார்த்தாலியாவுக்கு முன்பே பொலோஞாவில் தெல் ஃபெர்ரோ அதனைக் கண்டிருந்தார் என்பதை அவர் ஏடுகளிற் பார்த்தபின் ஆணை தம்மைக் கட்டாது என்பது கார்டானோ கட்சி. கண்டவர் பெயர்களை மறையாமல் எழுதினார் என்பதும் உண்மை. எனினும் ஆணை ஆணைதான். இவ்வழக்கில் நான் தார்த்தாலியா பக்கம் நிற்பவன். அதே நூலில், பத்தை இரு கூறாக்கி அவற்றின் பெருக்கத்தை 40 ஆக்கும் வினாவை எடுத்து, குறை எண்ணின் வர்க்கமூலத்தைத் துணிந்து கையாண்டார் என்பதைக் கணித ஆசிரியர்கள் அறிவர்.

இனி நம் பொருளுக்கு வருவோம். இளமையிற் தொடங்கிப் பிற்காலம் வரை சேர்த்தும் திருத்தியும் அவர் எழுதிய சிறுநூல் ஒன்று உண்டு. கவறாட்டத்தைப் பற்றிய நூல். அவருக்கு முன் இருந்தோர், கவற்றின் வீழ்ச்சியைத் தெய்வத்தின் செயல் என்றோ, விதி என்றோ, கைத்திறன் என்றோ கொண்டனர். கார்டானோ எளிய ஒன்றைச் செய்தார். எண்ணினார். அறுமுகக் கவறு ஒன்றுக்கு ஆறு முகம். எம்முகம் விழவும் ஒத்த வாய்ப்பு. இரண்டு கவற்றுக்கு 36 வகை, மூன்றுக்கு 216. இந்த முழுத்தொகையை ஒரு சுற்று என்றார். வேண்டிய வீழ்ச்சி எத்தனை வகையில் வரும் என்று பார். அதைச் சுற்றோடு ஒப்பிடு. பந்தயத்தை அந்த விகிதத்திலே வை. இரண்டு கவற்றில் ஏழு விழ 6 வகை உண்டு. இரண்டு விழ ஒரே வகை. இரண்டுக்கும் ஒரே பந்தயம் வைப்பவன் பேதை. இவ்வளவே. ஆயினும் இதை அதற்கு முன் நூலாக எழுதிவைத்தவர் இலர்.

அவர் தவறியதையும் சொல்லவேண்டும். ஒரு கவற்றை மூன்று முறை உருட்டினால் விரும்பிய முகம் ஒருமுறையேனும் விழுவது பாதிக்குப் பாதி என்று முதலில் எண்ணினார். ஆறில் மூன்று பாதிதானே? நம்மிற் பலர் இன்றும் இப்படித்தான் எண்ணுவோம். உண்மையில் அது 216க்கு 91; பாதியிலும் குறைவு. இத்தகைய பிழைகளை அவர் நூலில் அழிக்கவில்லை. சில பக்கம் கடந்து தாமே தடுமாறித் திருத்துகின்றார். ஒத்த வாய்ப்புள்ள ஒன்று தொடர்ந்து மும்முறை நிகழ்வது எட்டில் ஒன்று என்னும் பெருக்கல் நெறியை அப்படி விழுந்தெழுந்தே கண்டார். மாணவர்க்கு நான் காட்ட விரும்பும் பக்கங்கள் அவை. விடையை மட்டும் தரும் நூல் ஆசிரியனை மறைத்துவிடுகின்றது, இந்நூல் மறைக்கவில்லை.

கணக்கோடு அந்நூல் நிற்கவில்லை. களவுச் சீட்டை அறிவது, மோதிரத்திற் கண்ணாடி பதித்துச் சீட்டைப் பார்ப்போனைப் பிடிப்பது, யாரோடு ஆடக்கூடாது என்பது எல்லாம் அதில் உண்டு. சூதில் மிகப்பெரிய ஆதாயம் ஆடாதிருப்பதே என்னும் கருத்தையும் அதில் எழுதினார். எழுதிவிட்டு ஆடப்போனார்! கவறு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு, சதுரங்கம் நாற்பது ஆண்டுக்கு மேல், நாள்தோறும் ஆடியதாகத் தம் வரலாற்றில் வெட்கத்தோடு ஒப்புகின்றார். வீழ்ச்சிகளை எண்ணியறிந்த அதே மனிதர், அரசர் அருகிருந்தால் கவறு வேறுவிதமாய் விழும் என்றும் நம்பினார், சோதிடம் பார்த்தார், கனவுக்குப் பலன் எழுதினார். தாம் கண்ட கணக்கைத் தாமே முழுதும் நம்பாதவர்.

இங்கே எழுதுவினைஞர் ஒரு தடை எழுப்பினார். கார்டானோ ஆடியது கவறு. தாம் ஆடுவது சீட்டு. கவற்றுக்குக் கணக்கு உண்டு, வழி இல்லை. சீட்டுக்கு வழியும் உண்டு என்றார். தடை நியாயமானது. பிரிமேரோ என்னும் சீட்டாட்டத்தைக் கார்டானோவும் ஆராய்ந்தவரே என்று மட்டும் சொல்லி, அவர் தாளை வாங்கிப் பார்த்தேன்.

இருபத்தொன்று பழைய ஆட்டம். 1613இல் வெளிவந்த செர்வாந்தேசின் கதையொன்றிலேயே ஸ்பானியச் சூதாடி அதில் வருகின்றான். கையிற் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐ நெருங்கவேண்டும், தாண்டினால் கெட்டது. 52 சீட்டில் பத்தின் மதிப்புடையவை 16. தொகை 12 உடையவர் மேலும் ஒன்று வாங்கினால் கெடுவது 13க்கு 4 பங்கு. 16 உடையவர் வாங்கினால் 13க்கு 8 பங்கு. விடுதிக்காரர் 16 வரை வாங்கியே தீரவேண்டும், 17இல் நிற்கவேண்டும். அவருடைய ஒரு சீட்டு வெளித்தெரியும். அது 6 ஆனால் அவர் கெடுவது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். ஆதலால் 16 வைத்திருப்பவர் வாளா நிற்பது நன்று. அது 10 ஆனால் அதே 16க்குத் துணிந்து வாங்கவேண்டும். ஏஸ் இரண்டு வந்தால் பிரித்து ஆடுக. எட்டு இரண்டும் அப்படியே. பத்து இரண்டைப் பிரியாதே. விடுதிக்காரர் விற்கும் காப்புறுதிப் பந்தயத்தை வாங்காதே. அதற்கு அவர் தருவது இரட்டிப்பு, உண்மை வாய்ப்போ மூன்றில் ஒன்றிலும் குறைவு. தாளிற் கண்டவை இவையே. 1956இல் அமெரிக்கப் படையிலிருந்த பால்ட்வின் முதலிய நால்வர் மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டு கணக்கிட்டு வெளியிட்ட நெறியின் வழிவந்தவை. தாள் பொய்யன்று. நான் அதை அவரிடம் மறைக்கவில்லை.

ஆனால் தாளின்படி ஒரு பிழையுமின்றி ஆடினாலும், நல்ல விதிகள் உள்ள மேசையில், ஆயிரம் ரூபாய்க்குச் சராசரி ஐந்து ரூபாய் விடுதிக்கே சேரும். காரணம் ஒன்றே. ஆடுபவர் முதலில் கெடுகிறார். கெட்டவுடன் பணம் போய்விடுகிறது. பிறகு விடுதிக்காரரும் கெட்டால் போனது திரும்புவதில்லை. இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று கண்டவர்க்கு ஒன்றரைப் பங்கு கொடுப்பது பழைய வழக்கம். அதனை ஐந்துக்கு ஆறாகக் குறைத்த மேசையில் ஆயிரத்துக்கு மேலும் பதினான்கு ரூபாய் அளவில் போகும். தாளில் அந்த வேறுபாடு எழுதப்படவில்லை. அவர் ஆடிய மேசை எது என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை.

ஆயிரத்துக்கு ஐந்து சிறுதொகையன்றோ என்று வாசகர் கேட்கலாம். அவரும் கேட்டார். அதிலேதான் மயக்கம். ஆயிரம் ரூபாய் வீதம் நூறு ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கும் இழப்பு ஐந்நூறு. ஆனால் ஏற்ற இறக்கம் பதினாயிரத்துக்கு மேலாக இருபுறமும் ஆடும். ஒருநாள் பன்னீராயிரம் வென்று வருவார். அது தாளின் வெற்றி என்று எண்ணுவார். மறுமாதம் தோற்பார், அது நாளின் குற்றம் என்று எண்ணுவார். ஐந்நூறு என்னும் உண்மை அந்தப் பேரலைகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

வெல்லும் வழி ஒன்று இருந்தது என்பதையும் சொன்னேன். கவற்றுக்கு நினைவில்லை, சீட்டுக்கட்டுக்கு உண்டு. விழுந்த சீட்டு மீண்டும் வாராது. முந்நூற்று நாலு ஆடுவோர் இதை நன்கறிவர். எத்தனை துருப்புச் சீட்டு இறங்கிற்று என்று எண்ணாதவனை நம்மவர் அடுத்த ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. சிறிய சீட்டுகள் கழிந்து, பத்தும் ஏசும் கட்டில் மிகுந்திருக்கும்போது வாய்ப்பு ஆடுபவர் பக்கம் சாய்கின்றது. அப்போது மட்டும் பந்தயத்தைப் பெருக்கவேண்டும். தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர் இதனைப் பெருங்கணிப்பொறியிற் கணித்து 1962இல் நூலாக வெளியிட்டார். விடுதிகள் வாளா இருந்தனவா? பல கட்டுகளைக் கலந்தன; இடையிற் குலைத்தன; எண்ணுபவரை வெளியேற்றின. இன்று எண்ணி வெல்வோர்க்கும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்றளவே. அதற்குப் பெருமுதலும், பல மாத ஆட்டமும், உணர்ச்சியற்ற முகமும் வேண்டும். எழுதுவினைஞரிடம் அம்மூன்றில் எது உண்டு என்று நான் கேட்கவில்லை.

இது நிற்க. மறுநாள் மாலை கார்டானோவின் எஞ்சிய வாழ்வைச் சொன்னேன்.

1546இல் லூச்சியா இறந்தாள். புகழ் வளர்ந்தது. 1552இல் ஸ்கொட்லாந்து சென்று, மூச்சிரைப்பால் வருந்திய பேராயர் ஹமில்டனுக்கு வைத்தியம் செய்தார். இறகு மெத்தையை மாற்றுவித்ததே அம்மருத்துவத்திற் சிறந்த கூறு, நோயாளர் தேறினார், பொற்காசு குவிந்தது. திரும்பும் வழியில் இங்கிலாந்தின் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டுக்குச் சாதகம் கணித்து நீண்ட ஆயுள் சொன்னார். மறு ஆண்டே, பதினைந்து வயதில், அம்மன்னர் இறந்தார். திருவள்ளுவர் சூதை 94ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கார்டானோவின் வாழ்வில் அவ்விரு அதிகாரமும் பக்கத்துப் பக்கமாகவே இருந்தன என்று அன்று விறாந்தையிற் சொல்லி நானே மகிழ்ந்துகொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மூத்த மகன் மருத்துவனானான். தந்தைக்குச் சொல்லாமல் பிராந்தோனியா என்பவளை மணந்தான். பிள்ளைகள் அவனுடையவை அல்ல என்று அவள் எள்ளினாளாம். நஞ்சூட்டினான். 1560 ஏப்ரலில் அவனைத் தலை துணித்தனர். பெண் வீட்டார் கேட்ட பெருந்தொகையைக் கொடுத்து அவர்களைச் சமாதானம் செய்திருந்தால் உயிர் தப்பியிருக்கும். அத்தொகை கார்டானோவிடம் இல்லை. அந்த ஒரு நாளிலிருந்து அவர் மீளவேயில்லை. இரவில் உறக்கமில்லை; வழியிற் செல்வோர் தம்மைச் சுட்டுகின்றனர் என்று அஞ்சினார். 1562இல் மிலானை விட்டுப் பொலோஞாவிற் பேராசிரியரானார். பேரக் குழந்தையைத் தாமே வளர்த்தார்.

இளையவன் அல்தோ சூதாடி. தந்தையிடம் கற்றது கணிதமன்று, கவறு. உடுத்த துணிவரை தோற்பான்; தந்தை மீட்பார்; மறுபடி தோற்பான். 1569இல் தந்தையின் வீட்டையே உடைத்துப் பொன்னும் மணியும் திருடினான். கார்டானோ அதிகாரிகளிடம் முறையிட்டார். மகன் நகரை விட்டுத் துரத்தப்பட்டான். மறு ஆண்டு அவரையே சமய விசாரணை மன்றம் சிறையிட்டது. சில மாதம் கழித்து விடுவித்தபோது கற்பிக்கும் உரிமையும் நூல் வெளியிடும் உரிமையும் போயிருந்தன. உரோம் சென்று, போப்பரசர் அளித்த உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்து, தம் வரலாற்றை 54 அதிகாரமாக எழுதினார். 1576 செப்டெம்பரில், 75 வயது நிறைவதற்குச் சில நாள் இருக்க, இறந்தார். தாம் குறித்த நாளிலே இறக்கவேண்டுமென்று உண்ணாதிருந்து உயிர்விட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. நான் அதை நம்பவில்லை. ஆனால் அவரைப் பற்றி அப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை.

கவறாட்ட நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி இக்கலையை மீண்டும் முதலிலிருந்து கண்டனர். அதற்கும் ஒன்பது ஆண்டு பின்னர், 1663இல், லியோன் நகரில் கார்டானோவின் தொகுப்பு நூல் பத்துப் பாகமாக வந்தபோதுதான் அச்சிறுநூலும் வெளிப்பட்டது. முதல்வராய்க் கண்டவர், 87 ஆண்டு மண்ணுள் இருந்தபின், மூன்றாமவராய் அறியப்பட்டார்.

நளனிடம் மீண்டேன். இருதுபன்னன் எண்ணியது காய், கற்பித்தது கவறு. ஒரு கிளையைக் கண்டு மரத்தின் தொகையைச் சொல்லும் அறிவும், ஒரு வீழ்ச்சிக்கு முன் சுற்று முழுவதையும் காணும் அறிவும் ஒன்றே என்பதைக் கதை சொன்னவர் அறிந்திருந்தார். அவ்வறிவைப் பெற்ற நளன் அதன்பின் புட்கரனோடு ஒரேமுறை ஆடினான்; நாட்டை மீட்டான்; கவற்றைத் தொட்டதாகக் கதையில்லை. கார்டானோ அதே அறிவைத் தாமே கண்டார். கண்டபின்னும் கவற்றை விடவில்லை.

நான் முடித்தபின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. எழுதுவினைஞர் கணக்கைப் பற்றி மேலும் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டது கதவோரம் நின்ற அவர் மனைவி. கல்லராத்தேயில் அடகு வைத்த நகையைப் பற்றி அந்த அம்மா பிறகு ஏதும் கேட்டாளா என்றாள். லூச்சியா ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை; பெருங்கலை அச்சான மறு ஆண்டே இறந்துவிட்டாள் என்று மறுமொழி சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் ஹெட்டிபொலை வரை வந்து எழுதுவினைஞர் என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். அடகுச்சீட்டின் தவணை வரும் மாதம் பதினைந்தில் முடிகின்றதென்றும், சம்பளத்தோடு சிறிது சேர்த்தால் மீட்கலாமென்றும் சொன்னார். எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன். தொகையைச் சொன்னார். வண்டி புறப்படும் நேரம். கையிலிருந்ததில் பஸ் காசு போக மிகுதியைக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார், வாங்கிக்கொண்டார். என் சட்டைப்பையிலிருந்த தான்றிக்காய் இரண்டும் அந்தப் பணத்தோடு அவர் கைக்குப் போய்விட்டன என்பதை ரிவர்ஸ்டன் ஏறும்போதுதான் உணர்ந்தேன்.